லிண்ட் மரத்தடி வண்டுகள்

மரியரஞ்சனிக்குப் பூச்சி என்றால் ஒரே சட்டம்தான். கண்டால் நசுக்கு. பேர் ஊர் கேட்கிற வேலையில்லை, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தால் கதை முடிந்தது. சொந்த ஊரான இளவாலையில் தகப்பனின் புகையிலைத் தோட்டத்தில் விடியவெள்ளன இலையைப் பிரட்டிப் பிரட்டிப் புழுப் பொறுக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போன கை அது. ஒஸ்லோவுக்கு வந்து எத்தனையோ வருசமாகியும் அந்தக் கைக்கு மறதி வரவில்லை. குரோருட் சங்கத் தோட்டத்தில் அவளுக்குக் கிடைத்த துண்டுக்குள் வந்த பூச்சி உயிரோடு திரும்பிப் போனதில்லை என்று புருசன் சூசைரட்ணம் ஆக்களுக்குப் பகிடியாகச் சொல்லுவான்.

அப்படிப்பட்டவள் அந்த யூலை மாதக் காலையில் செத்த வண்டுகளைக் கண்டு பயந்துபோனாள் என்றால் அதில் விசயம் இருக்கத்தானே வேணும்.

வண்டுகள் கிடந்தது லிண்ட் மரத்துக்குக் கீழே. தோட்டங்களின் வேலியோரம் நிற்கிற கிழட்டு மரம். பூத்துவிட்டால் வாசம் ரெயில் நிலையம் வரைக்கும் போகும். அதன் நிழலில் புல்லு முழுக்க வண்டு. தேனீயில்லை. தேனீயைவிட மொத்தம், உடம்பெல்லாம் மயிர், கறுப்பும் மஞ்சளுமாய் வரி, பின்பக்கம் வெள்ளை. நோர்வேக்காரர் ஹும்லே என்பார்கள். கனக்கச் செத்திருந்தன. சிலது மல்லாக்கக் கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

தூரிட் குந்தியிருந்து அவற்றைப் பொறுக்கி வெறும் ஐஸ்கிறீம் பெட்டியொன்றுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் துண்டுக்காரி, தோட்டச் சங்கத்தின் தலைவி, வேலையால் இளைப்பாறின தபால்காரி. சிரிக்கிறதுக்கும் சங்கத்தில் அனுமதி எடுக்கவேணும் என்பது மாதிரி முகம்.

"மரியா, நீ ஏதாவது தெளித்தாயா?" என்று நோர்வேஜியத்தில் கேட்டாள்.

"இல்லை."

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. மரியரஞ்சனிக்கே திடுக்கிட்டது.

"யாரோ தெளித்திருக்கிறார்கள். இப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை. எல்லோரையும் கேட்கப்போகிறேன். சனிக்கிழமை துக்னாட்டில் வைத்துக் கதைப்போம்."

துக்னாட் என்றால் எங்கள் சிரமதானம்தான். எல்லோரும் சேர்ந்து வேலி திருத்தி, குப்பை வாரி, பிறகு கோப்பி குடித்து வாபிள் தின்பது. அங்கே வைத்துக் கதைப்பது என்றால் ஊர் முழுக்கக் கேட்க விசாரிப்பது. சங்கத்தின் சட்டம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நஞ்சு தெளித்தவரின் துண்டு பறிபோகும்.

அந்தத் துண்டு போனால் மரியரஞ்சனிக்கு என்ன மிஞ்சும்? இதைக் கொஞ்சம் விளக்கமாய்ச் சொல்லத்தான் வேணும். ஹோட்டல் அறை துப்பரவாக்கி முதுகு போன பிறகு அவள் வீட்டோடு. பிள்ளையுமில்லை. நொவெம்பர் மாரிக் குளிர் வந்து பின்னேரம் மூன்று மணிக்கே இருண்டால் கட்டிலை விட்டு எழும்பமாட்டாள். திரைச்சீலையைத் திறக்க விடமாட்டாள். வேலை முடிந்து வருகிற சூசைரட்ணம் பஸ் ஓட்டின சட்டையோடேயே சோறு காய்ச்சி, கட்டிலில் கொண்டுபோய்க் கெஞ்சிக் கெஞ்சித் தீத்தினான். அப்படி எத்தனை மாரி போச்சு. கடைசியில் இந்தத் துண்டு கிடைத்தது. அன்றிலிருந்து மாரியிலும் எழும்பி இருந்தாள். யன்னலோரத்தில் பேணிக்குள் விதை போட்டு முளைக்குதா என்று பார்க்க ஆள் வேணுமல்லவா. போஞ்சி, வெந்தயக்கீரை, உருளைக்கிழங்கு, பூசணி, பொலித்தீன் கூடாரத்துக்குள்ளே பச்சைமிளகாய். அவள் சிரித்து, சண்டை பிடித்து, பழைய மரியரஞ்சனியாய்த் திரிந்தாள். சூசைரட்ணம் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினது அந்தத் துண்டுக்காகத்தான்.

இப்போது அதிலேயே இடி விழப்பார்த்தது. ஏனென்றால் மரியரஞ்சனி தெளித்துத்தான் இருந்தாள்.

*

அன்றைக்கு இரவுச் சாப்பாடு புட்டும் மீன்குழம்பும். நோர்வேக் கோடை, வெளியே இன்னும் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. பின்வளவில் பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம். அவள் புட்டைக் குழைத்துக் குழைத்துக் கோப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"என்ன ரஞ்சி, குழம்பு சரியில்லையோ? நீர் வைச்ச குழம்புதானே," என்றான் சூசைரட்ணம்.

"இஞ்சேருங்கோ, உங்கட பெரியப்பாவுக்கெண்டு ஊரிலயிருந்து கொண்டந்த புகையிலை கிடந்ததெல்லே."

"ஓம். சமாதானம் எண்டு சொன்ன நேரம் போயிட்டு வரேக்கை கொண்டந்தது. சூட்கேசில இருந்த என்ர சட்டையெல்லாம் அந்த மணம். திராமன் டவுனில இருக்கிற அவரிட்டைக் கொண்டுபோய்க் குடுக்க, மனுசன் எனக்குப் பல்லு இல்லையடா எண்டிட்டார். அதுக்கென்ன இப்ப?"

"அதை ஊறவைச்சு, அவிச்சு, சவுக்காரம் கரைச்சுப் போஞ்சிக்கு அடிச்சுப்போட்டன்."

சூசைரட்ணத்தின் கை பாதி வழியில் நின்றது.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான். கன்று முழுக்கக் கறுத்த அழுக்கணவன் பூச்சி அப்பிப்போய்க் கிடந்தது. தூரிட்டிட்டைக் கேட்டனான். பச்சைச் சவுக்காரத் தண்ணி மட்டும் அடி எண்டாள். அடிச்சன், போகேல்லை. அழுக்கணவனுக்கு நடுவில வேற ஒரு கறுத்த சாமான், முதலைக்குட்டி மாதிரி முள்ளும் செட்டையுமாய், கால் வைச்சு ஊருது. அதுதான் பெரிய ஆள், அதுதான் குட்டி போடுது எண்டு நினைச்சு ஒண்டொண்டாய் நசுக்கினன். நசுக்க நசுக்க அழுக்கணவன் கூடுதே ஒழியக் குறையேல்லை. எனக்கு விசர் வந்திட்டுது. அப்பு எங்கட தோட்டத்தில அதைத்தானே அடிக்கிறவர்."

"அடிச்சால் என்ன? புகையிலை இலைதானே."

"கோதாரி விழுந்த கதை கதையாதேங்கோ! அது நஞ்சப்பா. கை கழுவாமல் சாப்பிடப்போனால் அப்பு முதுகில போடுவார். அடிச்சுக் கொஞ்ச நாள்தான், லிண்ட் மரத்துக்குக் கீழ வண்டெல்லாம் செத்துக்கிடக்கு. தூரிட் நேர பாத்துக் கேட்டாள். நான் இல்லையெண்டிட்டன்."

"ஏன் பொய் சொன்னனீர்?"

"பயத்திலதான். வேற என்னத்திலை? அந்தத் தோட்டத்தில நாங்கள் ஒரு தமிழ்க் குடும்பம்தான். நாளைக்கு எல்லாரும் என்ன சொல்லுவினம்? உந்தத் தமிழாக்கள் நஞ்சடிச்சு வண்டைக் கொண்டுபோட்டினம் எண்டுதானே? துண்டையும் பறிப்பினம்." கோப்பையைத் தள்ளிவைத்தாள். "எனக்கு அந்தத் துண்டு வேணுமப்பா. இந்த மாரியை அது இல்லாமல் என்னால ஏலாது."

இருண்ட அறையும் கட்டிலும் சூசைரட்ணத்தின் கண்ணுக்கு முன்னால் வந்துபோயிருக்கும். எழும்பிப்போய் அவளுடைய கோப்பையை எடுத்து, குழம்பைச் சூடாக்கிக் கொண்டுவந்து திரும்ப முன்னால் வைத்தான்.

"முதல் சாப்பிடும். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கு."

*

அடுத்த நாள் போஞ்சிப் பாத்திக்குள் அவள் சும்மா குந்தியிருந்தபோதுதான் பூங்கோதை வந்தாள்.

பூங்கோதை இந்தியாக்காரி, கோபிச்செட்டிப்பாளையம். புருசனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கோவையில் விவசாயம் படித்தவள், இங்கே பகலில் நோர்வேஜிய மொழி வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் வேலிக்கு வெளியால் போனவள் வெந்தயக்கீரையைக் கண்டு, "ஐயோ, வெந்தயக்கீரைங்களா!" என்று கத்தினதில் தொடங்கின பழக்கம். மரியரஞ்சனி கதைப்பதில் பாதி அவளுக்கு விளங்காது. அவளுடைய இங்கிலீசுத் தமிழில் பாதி மரியரஞ்சனிக்குப் பிடிக்காது. ஆனால் கீரை கொடுக்காமல் அனுப்பினதுமில்லை.

"ஏனுங்க்கா, மொகமே சரியில்ல?"

கேட்டதுதான் தாமதம், மரியரஞ்சனி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பூங்கோதை கேட்டபடியே பாத்திக்குள் இறங்கி, இலையொன்றைப் பிரட்டினாள்.

"நீங்க நசுக்குனது இந்த மாதிரியாங்க்கா?"

இலையின் அடியில் ஒரேயொரு முள்ளு முதலை. கறுத்த உடம்பில் செம்மஞ்சள் பொட்டு. புகையிலைத் தண்ணிக்கு எப்படியோ தப்பினது.

"உதுதான்! உந்தச் சனியன்தான்!" பெருவிரல் முன்னுக்குப் போனது.

"ஐயோ, விடுங்க்கா!" பூங்கோதை மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "இது பொறிவண்டோட லார்வா. செவப்பு முதுகுல கருப்புப் புள்ளி போட்ட வண்டு இருக்கும்ல, அதோட குழந்தை. நீங்க அழுக்கணவன்னு சொல்றீங்க, நாங்க அசுவினிம்போம், அதத் திங்கத்தான் வந்திருக்குது. பாருங்க, பாருங்க!"

மரியரஞ்சனி கண்ணைக் கிட்டக் கொண்டுபோனாள். உண்மைதான். முள்ளு முதலை ஒரு அழுக்கணவனை வாயில் கவ்வித் தூக்கி வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது.

"என்ர மாதாவே," என்றாள். "அப்ப நான் இவ்வளவு நாளும் காவல்காரனையெல்லே கொண்டிருக்கிறன்."

"அதனாலதான் கூடிப்போச்சு. இந்த எறும்பு இருக்குதுல்ல, இதுதான் அசுவினிக்குக் கூட்டாளி. அசுவினிய மாடு மாதிரி மேய்ச்சு, பால் கறந்து குடிக்கும். அந்தா, பூவுக்கு முன்னாடி ஆடாம நிக்குது பாருங்க, தேனீ இல்ல அது, தேனீ வேஷம் போட்ட ஈ. அதோட புழுவும் அசுவினிதான் திங்கும்."

இலையில் கண்ட பச்சைப் புழுக்களையும் நசுக்கினது மரியரஞ்சனிக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. இப்போதைக்கு ஒரு பாவம் போதும்.

"அதை விடு தங்கச்சி. வண்டு செத்தது என்னாலதானே?"

"பூ மேல அடிச்சீங்களா?"

"மொட்டுத்தான் இருந்தது. பூவில பட்டதோ எண்டு சத்தியமாய்த் தெரியேல்லை."

பூங்கோதை மரத்தடியில் போய் நின்றாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கிளை முழுக்க வண்டின் இரைச்சல்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்குதுங்க்கா. ஆனா உறுதியாச் சொல்லமாட்டேன். இந்த மரத்த எங்க ஊர்ல நான் பாத்ததேயில்ல. இது பூத்துட்டா சுத்துவட்டாரத்து வண்டு அத்தனையும் இங்கதான் வருது. வேற பூவும் இல்ல, ரோட்டோரப் புல்லையெல்லாம் மெஷின் விட்டு வழிச்சுட்டாங்க. அத்தன பேருக்கும் தேன் பத்தலைன்னா, திரும்பிப் போகத் தெம்பில்லாம விழுந்திருக்கலாம். பட்டினிங்க்கா."

"அதை எப்பிடி அறியிறது?"

"நீங்க மருந்தடிக்காத எடத்துல நிக்கற இதே மரத்தப் போய்ப் பாத்தாப் போச்சு. அங்கயும் செத்துக் கெடந்தா உங்க மேல பழியில்ல. கெடக்கலைன்னா..."

"கிடக்காட்டில்?"

பூங்கோதை பையைத் தோளில் மாட்டினாள். மரியரஞ்சனி கையில் மண்ணோடேயே எழும்பினாள்.

*

குரோருட் தேவாலயத்தின் சேமக்காலையில் லிண்ட் மரங்கள் நிற்பது அவளுக்குத் தெரியும். ஏற்றத்தில் நடக்க மூச்சு வாங்கியது. வழியெல்லாம் மாதாவிடம் மன்றாடிக்கொண்டு போனாள். என்ன மன்றாட்டு தெரியுமோ? "மாதாவே, அங்கை வண்டு செத்துக் கிடக்கவேணும். கனக்கக் கிடக்கவேணும்." பாதி வழியில் அவளுக்கே வெட்கமாய்ப் போய்விட்டது. ஒரு சீவன் சாகவேணும் என்று கேட்பதும் மன்றாட்டோ? பிறகு மாற்றிக் கேட்டாள். "செத்தது செத்துப்போச்சு. அதுகள் அங்கையும் கிடந்தால் எனக்குக் காட்டித் தா."

சேமக்காலையில் கல்லறைகளுக்குப் பூ வைத்து வடிவாய்த் துப்பரவாக்கியிருந்தார்கள். ஒரு கிழவர் தன் மனுசியின் கல்லடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். முதல் மரத்தடியில் ஒன்றுமில்லை. வழித்துவிட்ட மாதிரிப் புல்லு. மரியரஞ்சனி மரத்தை ஒருக்கால் சுற்றிவந்து பார்த்தாள்.

"இன்னும் பூக்கலைங்க்கா இது," என்றாள் பூங்கோதை, கிளையைப் பார்த்து. "அடுத்ததுக்குப் போவோம்."

அடுத்த மரத்தில் வாசம் தூரத்திலேயே அடித்தது. இரைச்சல் கேட்டது. மரியரஞ்சனி முன்னுக்கு ஓடினாள். முதுகு நோக்காடெல்லாம் எங்கே போனதோ.

"கிடக்கு!" என்று கத்தினாள். "தங்கச்சி, இஞ்சையும் கிடக்கு! ஒண்டு, ரெண்டு... ஐயோ, எத்தினை! அந்தக் கல்லுக்கு மேலயும் கிடக்கு! கடவுளே, எல்லாம் செத்துக் கிடக்கு!"

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்தச் சேமக்காலைக்குள் ஒரு துள்ளுத் துள்ளினாள். தண்ணீர் ஊற்றின கிழவர் வாளியோடு அப்படியே நின்றார். கல்லறைக்கு நடுவில் நின்று சந்தோசத்தில் கும்மாளம் போடுகிற பொம்பிளையை அவர் தன் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார். மரியரஞ்சனி அவரைப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்து அப்படியே புல்லில் இருந்துவிட்டாள். நெஞ்சுக்குள் இருந்த பாறாங்கல்லு இறங்கினது.

மடிக்குப் பக்கத்தில் ஒரு வண்டு உயிரோடு கிடந்து காலை அசைத்தது. பூங்கோதை தண்ணீர்ப் போத்தலின் மூடியை எடுத்தாள். பையில் எப்போதோ கடையில் கோப்பியோடு தந்த சீனிப் பைக்கற்று ஒன்று இருந்தது. மூடிக்குள் கரைத்து வண்டின் வாயடியில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நீட்டு நாக்கு வெளியே வந்தது.

"குடிக்குது," என்றாள் மரியரஞ்சனி. "பாவம், பசிதான். வெறும் பசி."

குடித்துவிட்டு அது செட்டையை நடுங்க வைத்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, கல்லறைகளுக்கு மேலால் பறந்து போனது. கிழவரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

சனிக்கிழமைக் காலை மரியரஞ்சனி ரோல்ஸ் பொரித்துக்கொண்டே சொன்னாள், "புகையிலை அடிச்சதை நான் தூரிட்டுக்குச் சொல்லத்தான் போறன்."

"விசரே உமக்கு? வண்டு உம்மால சாகேல்லை எண்டு தெரிஞ்சிட்டுது. அதோட விடும்."

"வண்டு என்னால சாகேல்லைத்தான். பொய் சொன்னது சொன்னதுதானே. அவளின்ர முகத்தைப் பாத்து எப்பிடிப் பக்கத்துத் துண்டில நிக்கிறது?"

சூசைரட்ணம் தலையைச் சொறிந்தான். அவள் முடிவெடுத்தால் பிறகு மாற்ற ஆளில்லை என்று அவனுக்குத் தெரியும்.

துக்னாட்டில் வேலையெல்லாம் முடிந்து, கோப்பி ஊற்றி, வாபிளுக்குப் பக்கத்தில் ரோல்ஸும் வைத்தாயிற்று. தூரிட் ஐஸ்கிறீம் பெட்டியை மேசைக்கு நடுவில் வைத்தாள். மரியரஞ்சனி தன் பையிலிருந்து இன்னொரு ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே வண்டு.

"இது தேவாலயத்து லிண்ட் மரத்தடியில் பொறுக்கினது," என்றாள் நோர்வேஜியத்தில். பாடமாக்கி வந்திருந்தாள். மரம் பூத்ததும், வேறு பூ இல்லாததும், பசியும், சீனித்தண்ணியும் எல்லாம் சொன்னாள். தூரிட் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இரண்டு பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்படியென்றால் யாரும் தெளிக்கவில்லையா?"

மரியரஞ்சனி மூச்சை இழுத்தாள். அதற்குள்,

"நான் தெளித்தேன்," என்றது பக்கத்தில் ஒரு குரல்.

சூசைரட்ணம் எழும்பி நின்றான். பஸ்சில் அடுத்த தரிப்பிடம் சொல்லுகிற அதே குரல். "புகையிலைத் தண்ணீர். எங்கள் ஊர்ப் பழக்கம். போஞ்சிக்குத் தெளித்தேன். மனைவிக்குத் தெரியாது."

தூரிட் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எது போஞ்சி? காட்டு."

அவன் நிமிர்ந்து நின்று, கொஞ்சமும் தயங்காமல், உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டினான்.

முதலில் சிரித்தது தூரிட்தான். அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்று அந்தத் தோட்டத்தில் யாரும் நினைத்திருக்கவில்லை. பிறகு மேசை முழுக்கச் சிரித்தது. சூசைரட்ணத்துக்கு எதற்கென்று விளங்கவில்லை, தானும் சேர்ந்து சிரித்தான்.

"நான்தான் தெளிச்சனான், தூரிட்," என்று தமிழில் சொல்லிவிட்டு, நோர்வேஜியத்தில் திரும்பச் சொன்னாள் மரியரஞ்சனி. கண்ணீர் வழிந்தது. "பயத்தில் பொய் சொன்னேன். அழுக்கணவனுக்கு அடித்தேன். பொறிவண்டின் பிள்ளைகளையும் நசுக்கினேன். தெரியாமல்தான்."

"மரிஹோன," என்றாள் தூரிட் மெதுவாக. பொறிவண்டுக்கு அவர்களுடைய பேர் அது, மாதாவின் கோழி என்று அர்த்தம். "மரியா, நீயா மாதாவின் கோழியைக் கொன்றாய்?" பிறகு கோப்பியை ஊதிக் குடித்தாள். "என் அப்பாவும் கண்ணாடிவீட்டுத் தக்காளிக்குப் புகையிலைத் தண்ணீர்தான் அடித்தார். நானே கலக்கிக் கொடுத்திருக்கிறேன். பிறகு விட்டோம். நீயும் விடு."

"துண்டு?"

"துண்டு உன்னுடையதுதான். மிச்சத் தண்ணீர் இருந்தால் என்னிடம் கொண்டுவந்து தா. அதோடு, அந்த மரத்தடிப் புல்லை இனி யாரும் வெட்டக்கூடாது. லிண்ட் பூ முடிய வேறு பூ வேண்டும். நட்டுப் பார்ப்பது உன் பொறுப்பு." சுற்றிப் பார்த்தாள். "யாருக்காவது ஆட்சேபணையா?"

ரோல்ஸ் வாயில் இருந்ததால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

*

ஆக்கள் போனபிறகு இரண்டு பேரும் துண்டுக்குள் வந்தார்கள். மரியரஞ்சனி வாளியைக் கழுவினாள். மனசு பஞ்சாய் இருந்தது. வருகிற மாரிக்கு யன்னலில் என்ன விதை போடுவது என்று இப்போதே யோசனை ஓடியது.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"துண்டு போனாலும் பழி என்ர தலையில இருக்கட்டுமெண்டுதான். நீர் சனத்தின்ர முகத்தில முழிக்கவேணுமெல்லே." வெட்கத்தை மறைக்க அவன் குனிந்து போஞ்சிக்கன்றைப் பார்த்தான். எது போஞ்சி என்று இன்றைக்குத்தான் படித்திருந்தான். இனியாவது உதவியாய் இருப்போம் என்று இலையொன்றைப் பிரட்டினவன் துள்ளிக்கொண்டு கூப்பிட்டான்.

"இஞ்சேரும் ரஞ்சி! நீர் சொன்ன முதலை! ஒண்டு தப்பி நிக்குது!"

பெருவிரலை நீட்டிவிட்டான். மரியரஞ்சனி வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அவன் கையில் பளாரென்று ஒன்று போட்டாள்.

"கையை எடுங்கோ! அது எங்கட ஆள்."